கீழமாசி வீதி அலுவலகத்தில் 38 ஐபி போன்கள்: ஆறு குழுக்களாகப் பிரித்து அமைத்த அனுபவம்

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, மிளகாய் வற்றல், புளி ஆகியவற்றை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில், இருபது ஆண்டுகளாக ஓடிய இன்டர்காம் பெட்டியைக் கழற்றிவிட்டு, கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐபி போன்களை அமைத்துக் கொடுக்கும் வேலை கடந்த பங்குனியில் எனக்கு வந்தது. அலுவலகம் வீதியிலேயே மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கிடங்கு திருமங்கலம் போகும் வழியில் கப்பலூரில் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் சேர்த்து 38 போன்கள். சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவரும் சமயத்தில் அங்கே ஏணியும் கேபிள் சுருளும் கொண்டுபோக முடியாது என்பதால், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். போன்களை மாட்டியது நான்கு நாள் வேலைதான். எந்தப் போன் யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்க அதைப்போல் மூன்று மடங்கு நாட்கள் பிடித்தன. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியது.

அழைப்புகளை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்சுக்காக ஒரு சிறிய கணினியில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தையும் அதன்மேல் ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருளையும் நிறுவினேன். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளை, திரையில் சொடுக்கி அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் போன்றவற்றோடு சேர்த்துப் பயன்படுத்துவோரே அதிகம். நான் கன்ஃபிக் எனும் அமைப்புக் கோப்புகளைக் கையால் எழுதினேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோப்பில் ஒரு பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, பக்கத்தில் வட்ட அடைப்புக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் அது டெம்ப்ளேட் ஆகிவிடும். பிறகு எந்த எக்ஸ்டென்ஷனின் (உள் எண்ணின்) பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினாலும் அதன் குணங்கள் எல்லாம் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு வந்துவிடும். குழு என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குக் கிடைக்கவில்லை. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் போன்களும் எக்ஸ்சேஞ்சும் பேசிக்கொள்ளும் மொழிக்குச் சிப் என்று பெயர். அதற்கான பழைய சான்சிப் பகுதி 2023இல் வந்த 21ஆம் பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டதால், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே அதன் இடத்துக்கு வந்த பிஜேசிப்பில் எழுதினேன். வெளியுலகத்துக்கு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிப் ட்ரங்க் என்ற கூட்டு இணைப்பு. அதில் ஒரே நேரத்தில் 10 பேர் பேசலாம்.

முதலாளி முதல் நாளே ஒரு தாளை நீட்டினார். அதில் பதவி வாரியாகப் பதினொரு வகை இருந்தது: மேனேஜருக்கு எல்லா அழைப்பும் போகலாம், உதவி மேனேஜருக்கு எஸ்டிடி (வெளியூர்) வரை, கிளார்க்குக்கு லோக்கல் மட்டும், கிடங்கு மேஸ்திரிக்கு உள்ளே மட்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். பழைய இன்டர்காமில் அப்படித்தான் பூட்டியிருந்தார்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். “பார்க்கிறதுக்கு என்ன தம்பி இருக்கு?” என்று கேட்டாரே தவிர, ஒரு ஸ்டூலும் கொடுத்து, மணிக்கொரு தடவை டீயும் வரவழைத்தார்.

அந்த ஒரு நாளில் பார்த்தவை பதினொரு வகையையும் கலைத்துவிட்டன. ஆர்டர் மேசையில் ஒன்பது பேர். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை அவர்கள் ரிசீவரைக் கீழே வைத்ததே இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, வலது கையால் எழுதி, இடது கையால் பக்கத்து மேசையில் அடிக்கும் போனை எட்டி எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பதவியில் மேனேஜர், ஒருவர் போன மாதம் சேர்ந்த பையன். ஆனால் போனை வைத்து இருவரும் செய்த வேலை ஒன்றுதான். கணக்குப் பிரிவில் ஆறு பேர் ஒரு மணிக்கு நான்கைந்து அழைப்புகள்தான் செய்தார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் எதிர்முனையை ஹோல்டில் போட்டுவிட்டு எழுந்துபோய் பேரேட்டைத் தேடினார்கள். கப்பலூரில் யாருக்கும் மேசையே கிடையாது. போன் அடித்தால் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் எடுப்பார். ஆகவே பதவியைத் தள்ளிவிட்டு, போனை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டு ஆறு குழுக்கள் வகுத்தேன்: ஆர்டர் மேசை 9, கணக்கு 6, கிடங்கு 12, நிர்வாகம் 5, வாசலும் பொது இடங்களும் 4, வரவேற்பு 2.

குழு வகுத்ததும் எண் கொடுக்க வேண்டும். 310 வரிசை நிர்வாகம், 320 வரிசை கணக்கு என்று எண்ணிலேயே குழு தெரியும்படி கொடுக்கலாமே என்று பலரும் நினைப்பார்கள். முன்பு வேறோர் இடத்தில் நானே அப்படிக் கொடுத்திருக்கிறேன். ஓர் ஆள் கணக்கிலிருந்து ஆர்டர் மேசைக்கு மாறிய அன்றே அந்த ஒழுங்கு உடைந்துவிடுகிறது. ஆளுக்கு எண் ஒட்டிக்கொள்ளும், வேலை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே எல்லாரும் இருபது ஆண்டுகளாக “இருபத்தொண்ணு”, “முப்பத்தாறு” என்றுதான் ஒருவரையொருவர் அழைத்துப் பழகியிருந்தார்கள். சில வாடிக்கையாளர்களுக்கும் அந்த எண்கள் மனப்பாடம். அதனால் பழைய இரண்டிலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு 3 சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். 21 என்பது 321 ஆயிற்று.

3 என்பதைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. 1 என்று தொடங்கினால் 100, 101, 108, 112 ஆகிய அவசர எண்களோடு மோதும். மதுரையில் 0452க்குப் பிறகு வரும் உள்ளூர் எண் ஏழு இலக்கம். இவர்கள் அழைக்கும் எண்கள் 2இலும் 4இலும் தொடங்குபவை. எக்ஸ்டென்ஷனும் 2இல் தொடங்கினால், மூன்று இலக்கம் அழுத்தியதுமே உள்ளே அழைக்கிறாரா, வெளியே ஏழிலக்க எண்ணை அழைக்கிறாரா என்று போனுக்குத் தெரியாமல் சில நொடி காத்திருக்கும். 6 முதல் 9 வரை மொபைல் எண்கள். 3இல் எவரோடும் சண்டையில்லை. 321 அழுத்தி முடித்த கணமே மணி அடிக்கிறது, பச்சைப் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. 38 பேருக்கும் முதலில் பிடித்துப்போன விஷயம் அதுதான்.

வெளி எண்களுக்கு எழுதிய விதிகளில்தான் நான் முதல் அடி வாங்கினேன். 2021 ஜனவரி 15 முதல் தரைவழி இணைப்பிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் பூஜ்யம் கட்டாயம் ஆகிவிட்டது. ஆனால் மொபைலிலிருந்து எண்ணைப் பார்த்து அழுத்துகிறவர்கள் பத்து இலக்கத்தை மட்டுமே அழுத்துவார்கள். ஆகவே 6 முதல் 9க்குள் தொடங்கும் பத்திலக்க எண் வந்தால் எக்ஸ்சேஞ்சே பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஏழிலக்க எண் வந்தால் 0452ஐச் சேர்த்துக்கொள்ளும். பூஜ்யத்தோடு அழுத்துகிறவர்களுக்காக, பூஜ்யமும் அதன்பின் ஏதேனும் பத்து இலக்கமும் வந்ததும் உடனே அனுப்பிவிடு என்று போன்களில் ஒரு விதி எழுதினேன். இந்தியாவுக்குள் எந்த எண்ணும் பூஜ்யத்தோடு சேர்த்துப் பதினொரு இலக்கம்தான் என்பதால் அது சரியாகத்தான் தோன்றியது. மறுநாள் முதலாளி உளுந்து விஷயமாக ரங்கூனுக்கு அழைத்தார். 0095 என்று தொடங்கி அவர் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, பதினோராவது இலக்கத்தில் போன் அவசரப்பட்டு அனுப்பிவிட்டது. மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் தன் மொபைலை எடுத்துக்கொண்டார். பூஜ்யத்துக்கு அடுத்த இலக்கம் 1 முதல் 9க்குள் இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தினேன். ஒரேயோர் எழுத்தின் பிழை.

எஸ்டிடி பூட்டு வேண்டும் என்பதை முதலாளி விடுவதாக இல்லை. மொபைலுக்கு விடலாம், வெளியூர் லேண்ட்லைனுக்கு விடக்கூடாது என்றார். எண்ணின் வடிவத்தைப் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது. சென்னையின் 044 மொபைலாக இருக்க வாய்ப்பில்லை, அதைத் தடுக்கலாம். ஆனால் பெங்களூரு லேண்ட்லைன் 080 என்று தொடங்குகிறது, 80 என்று தொடங்கும் மொபைல் எண்களும் இருக்கின்றன, பூஜ்யம் சேர்த்தபின் இரண்டும் பதினொரு இலக்கம். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் அடைபடும். கடைசியில் ட்ரங்கின் கட்டண விவரத்தை எடுத்துக் காட்டினேன்: அவர் எடுத்திருந்த திட்டத்தில் மதுரைக்குள்ளேயே இருக்கும் கோரிப்பாளையத்துக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரே கட்டணம். எஸ்டிடி பூட்டு என்பது நிமிடத்துக்கு நிமிடம் காசு எண்ணிய காலத்தில் பிறந்த பழக்கம். காசு போன பிறகும் பழக்கம் நிற்கிறது. தாளில் இருந்த பதினொரு வகை அனுமதி இறுதியில் மூன்றாகச் சுருங்கியது: அலுவலகத்துக்குள்ளும் அவசர எண்களுக்கும் மட்டும், இந்தியா முழுவதும், வெளிநாடும் சேர்த்து. ஆறு குழுக்களில் நிர்வாகத்துக்கு மூன்றாவது, வாசலுக்கு முதலாவது, மற்ற நான்குக்கும் நடுவில் உள்ளது. குழுக்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு அனுமதியில் இல்லை, நடத்தையில்தான் இருந்தது.

இந்த அனுமதியை எங்கே வைப்பது என்பதில் செய்த தவறு இன்னும் பெரியது. முதல் முயற்சியில், வாசல் குழுவின் போன்களில் உள்ள எண் விதியிலேயே வெளி எண்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். போன் அனுப்பாவிட்டால் அழைப்பு எப்படிப் போகும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் அழைப்புப் பதிவேட்டைப் புரட்டும்போது, வாசல் எண்ணிலிருந்து இரவு பதினொரு மணிக்குமேல் 40 நிமிடம் போன ஓர் அழைப்பு கண்ணில் பட்டது. விசாரித்தால், வாசல் போனின் சுருள் வயர் பிய்ந்துபோனதால் மேனேஜர் அலமாரியில் கிடந்த ஓர் உதிரிப் போனை எடுத்து, அந்த எண்ணையும் கடவுச்சொல்லையும் கையால் அழுத்திச் சேர்த்துவிட்டார். உதிரிப் போனில் என்னுடைய விதி எதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்சோ யாரையும் தடுப்பதில்லை. காவலர் ஐயா திருப்பூரிலுள்ள மகளோடு பேசியிருக்கிறார், அவ்வளவுதான். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன்.

அன்றிரவே அனுமதிகளை எல்லாம் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றினேன். ஆஸ்டரிஸ்க்கில் ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனும் ஒரு கான்டெக்ஸ்டுக்குள் பிறக்கிறது. அந்தக் கான்டெக்ஸ்டில் எழுதப்படாத எண்ணை அதனால் அழைக்கவே முடியாது. அவசரம் என்று ஒரு கான்டெக்ஸ்ட், அதை உள்ளடக்கி அலுவலகம் என்று ஒன்று, அதையும் உள்ளடக்கி இந்தியா, அதையும் உள்ளடக்கி வெளிநாடு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். 100, 101, 108, 112 நான்கும் அடியிலுள்ள அவசரத்தில் இருப்பதால் எந்தப் போனிலிருந்தும், பூட்டிய போனிலிருந்தும், முன்னால் எதுவும் சேர்க்காமல் போகும். அதைச் சோதிக்க 108ஐ அழைத்துப் பார்க்கக் கூடாது. அங்கே ஒருவர் உண்மையான ஆபத்துக்காகக் காத்திருக்கிறார். அந்த நான்கு வரிகளையும் சில நிமிடங்களுக்கு என் மொபைல் எண்ணுக்குத் திருப்பிவிட்டு, 38 போன்களிலிருந்தும் அழுத்தச் சொல்லி, என் போன் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பழையபடி மாற்றினேன். அதற்குப் பிறகு போனிலுள்ள எண் விதிக்கு ஒரே வேலைதான்: எப்போது அனுப்புவது என்று தீர்மானிப்பது. போகலாமா கூடாதா என்பது அதன் பொறுப்பில்லை.

போன்களின் அமைப்பு ஒருவிதத்தில் எளிது. போன் மின்சாரம் கிடைத்ததும் டிஹெச்சிபி என்ற முகவரி வழங்கும் சேவையிடம் முகவரி வாங்கும்போதே, அதன் 66ஆம் ஆப்ஷனில் அமைப்புக் கோப்பு இருக்கும் இடத்தையும் வாங்கிக்கொள்கிறது. எங்கள் போன்கள் அங்கே போய் இரண்டு கோப்புகளைத் தேடுகின்றன: எல்லாப் போனுக்கும் பொதுவான ஒன்று, தனக்கென்று தொழிற்சாலையில் பதித்த எம்ஏசி முகவரியின் பெயரில் ஒன்று. நடுவில் குழுவுக்கென்று கோப்பு கிடையாது. அதனால் ஒரு விரிதாளில் எம்ஏசி, எண், பெயர், குழு, இடம் என்று ஐந்து பத்திகள் போட்டு, பொதுப் பகுதி, குழுப் பகுதி, தனிப் பகுதி மூன்றையும் ஒட்டி 38 கோப்புகளை உருவாக்கும் சிறிய பைத்தான் நிரல் எழுதிக்கொண்டேன். தனிப் பகுதியில் எண், பெயர், கடவுச்சொல் மூன்றைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது என்பதை நானே எனக்கு விதித்துக்கொண்டேன். இவருக்கு மட்டும் இந்தப் பொத்தான், அவருக்கு மட்டும் அந்த மணி என்று அங்கே நுழைய ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் 38 போனும் 38 குழு ஆகிவிடும். கோப்புக்குள் கடவுச்சொல் இருப்பதால் மறையாக்கம் இல்லாத டிஎஃப்டிபியில் தராமல், மறையாக்கம் உள்ள ஹெச்டிடிபிஎஸ் வழியாகத் தருகிறேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது போன்கள் சீன நேரத்தைக் காட்டின, இரண்டரை மணி நேரம் முன்னால். பொதுக் கோப்பில் ஒரு வரி அதைச் சரிசெய்தது. பெயரைத் தமிழில் போட ஆசைப்பட்டேன், திரையில் கட்டம் கட்டமாக வந்ததால் ஆங்கில எழுத்துக்கே திரும்பினேன்.

நெட்வொர்க் வேலையில் சொல்ல அதிகமில்லை. ஒரே கேபிளில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்குக்கு விலான் என்று பெயர். போனுக்குத் தனி விலான், கணினிக்குத் தனி விலான். ஸ்விட்ச் எல்எல்டிபி என்ற அறிமுக நெறிமுறை வழியாகப் போனுக்கு அதன் விலானைச் சொல்லிவிடுகிறது, கணினி போனின் பின்புறத் துளையில் செருகப்படுகிறது. மின்சாரமும் ஸ்விட்சிலிருந்தே போகிறது. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கொடுக்கலாம். இந்தப் போன்கள் அதில் பாதிகூடக் கேட்பதில்லை. ஸ்விட்சுகளையும் எக்ஸ்சேஞ்சையும் யுபிஎஸ்ஸில் போட்டதால், மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில்கூட ஆர்டர் மேசை ஓடுகிறது. கப்பலூருக்கு வயர்கார்டு விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனிப்பாதை போட்டிருக்கிறேன். சிப் செய்திகள் வரும் 5060 போர்ட் ட்ரங்க் நிறுவனத்தின் முகவரிக்குத் தவிர வேறு யாருக்கும் திறந்தில்லை. ஜி.711 என்ற குரல் வடிவத்தில் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட்தான் ஆகும், விபிஎன் உறையைச் சேர்த்தாலும் ஃபைபருக்கு அது தூசு. ஆனால் காலையில் கிடங்குக் கேமராக்களின் பதிவு தலைமை அலுவலகத்துக்கு ஏறும் நேரத்தில் குரல் உடைந்தது. குரல் பாக்கெட்டுகளில் 46 என்ற டிஎஸ்சிபி முன்னுரிமை முத்திரையைப் போட்டு, ரவுட்டரில் அதற்கு முதல் வரிசை கொடுத்து, கேமராவின் வேகத்துக்கு வரம்பு வைத்ததும் அது நின்றது.

ஆர்டர் மேசைக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். ஒன்பது பேரும் லைன் (சரக்கு போகும் ஊர்ப்பகுதி) வாரியாகப் பிரிந்திருக்கிறார்கள்: தேனி லைன், சிவகங்கை லைன், ராமநாதபுரம் லைன் என்று. போடிநாயக்கனூர் கடைக்காரருக்குத் தேனி லைன் ஆள்தான் வேண்டும்; போன வாரப் பாக்கியும் அவருக்குப் பிடித்த புளியின் தரமும் அந்த ஆளுக்குத்தான் தெரியும். ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அழைப்பது ஒரே பொது எண்ணை. பில் போடும் மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர்களின் மொபைல் எண்களை லைன் பெயரோடு எடுத்து எக்ஸ்சேஞ்சின் உள் தரவுத்தளத்தில் ஏற்றினேன். அழைப்பு வந்ததும் எண்ணைத் தேடி, உரிய லைன் ஆளின் போனில் 12 நொடி அடிக்கும். எடுக்காவிட்டால், கடைசியாகப் பேசி முடித்து அதிக நேரமானவரிடமிருந்து தொடங்கி மற்றவர்களுக்குப் போகும். முதல் நாள் பாதி எண்கள் பொருந்தவே இல்லை. ட்ரங்கில் அழைப்பவர் எண் சில சமயம் கூட்டல் குறியும் 91உம் சேர்ந்து வந்தது, சில சமயம் பூஜ்யத்தோடு, சில சமயம் வெறும் பத்து இலக்கமாக. கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்து ஒப்பிடச் சொன்னதும் பிடித்துக்கொண்டது. பக்கத்து மேசையில் அடிக்கும் அழைப்பை இருந்த இடத்திலிருந்தே இழுக்க *8; அதை ஒரு பொத்தானில் வைத்து, எல்லாருக்கும் ஹெட்செட் கொடுத்தேன். ஹெட்செட்டை முதலில் இருவர்தான் போட்டார்கள். அந்த வார இறுதியில் கழுத்து வலி இல்லை என்று அவர்கள் சொன்னபிறகு மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். அனுப்பிய சரக்கைப் பற்றித் தகராறு வருவதால் இந்தக் குழுவின் அழைப்புகள் மட்டும், தொடக்கத்தில் ஓர் அறிவிப்போடு, பதிவாகின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி.

இதே மேசையில்தான் ஒரு 32 நொடிக் கோளாறு வந்தது. வெளியே போகும் அழைப்புகள் நன்றாக இருந்தன. வரும் அழைப்புகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்தன. “துவரம்பருப்பு எட்டு மூட்டை, உளுந்து...” என்பதோடு போய்விடும், கடைக்காரர் மறுபடி கூப்பிட்டு, மறுபடி துவரம்பருப்பிலிருந்து தொடங்குவார். நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து அழைப்புகளும் 32 நொடியில் அறுந்தன. இந்த எண் சிப்போடு பழகியவர்களுக்குத் தெரிந்த எண். நாம் அழைப்பை எடுத்ததும் நம் எக்ஸ்சேஞ்ச் 200 ஓகே என்ற செய்தியை அனுப்புகிறது. எதிர்முனை அதற்கு ஏசிகே என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும். அது வரவில்லையென்றால், அரை நொடியான டி1 என்ற அடிப்படை நேரத்தைப்போல் 64 மடங்கு காத்திருந்து, அதாவது 32 நொடி கழித்து, எக்ஸ்சேஞ்ச் அழைப்பை முறித்துவிடும். குரல் இருபக்கமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்பதால் பேசுகிறவருக்கு ஒன்றும் புரியாது. இணைய இணைப்போடு வந்த ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற உதவி இயங்கிக்கொண்டிருந்தது. செய்திக்குள் இருக்கும் முகவரியைத் திருத்துகிறேன் என்று அது தப்பாகத் திருத்த, ஒப்புதல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சின் வெளி முகவரியை ஆஸ்டரிஸ்க்கிலேயே எழுதினேன். அடுத்த அழைப்பு 33ஆம் நொடியைத் தாண்டியபோது ஆர்டர் மேசையில் கைதட்டினார்கள், பேசிக்கொண்டிருந்த கடைக்காரர் எதற்கென்று கேட்டார்.

கணக்குப் பிரிவில் வயதில் மூத்த கணக்குப்பிள்ளை ஐயா ஒருவர் இருக்கிறார். புதுப்போன் வந்த மூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நான் நம்பரைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள இது முந்திக்கிருது” என்றார். அழுத்திக் காட்டச் சொன்னேன். பில்லைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் முதல் மூன்று இலக்கத்தைப் படித்தார், பில்லை வைத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், அழுத்தினார், மறுபடி கண்ணாடியை இறக்கினார். அதற்குள் நான்கு நொடி போய்விட்டது. அதுவரை அழுத்திய இலக்கங்களை மட்டும் அனுப்பிவிட்டு, எண் தவறு என்று போன் ஓசை எழுப்பியது. இலக்கத்துக்கும் இலக்கத்துக்கும் இடையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்குக் குழுவுக்கு 10 நொடியாக உயர்த்தினேன். முழு எண் பொருந்தியதும் எப்படியும் உடனே போய்விடும் என்பதால் வேகமாக அழுத்துகிறவர்களுக்கு இதில் நஷ்டமில்லை. கணக்குக் குழுவுக்கு இன்னொன்றும் செய்தேன்: ஹோல்டில் போட்ட அழைப்பை மறந்துவிட்டால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை போன் மெல்ல ஒலிக்கும். ஆடிட்டரைக் கால் மணி நேரம் ஹோல்டில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போன கதை ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது.

வாய்ஸ்மெயிலை நிர்வாகத்துக்குத் தவிர எல்லாக் குழுக்களுக்கும் அணைத்துவிட்டேன். அதை யாரும் கேட்கப்போவதில்லை. வரவேற்புக் குழுவுக்கு எல்லா எக்ஸ்டென்ஷனும் பேசுகிறதா ஓய்வாக இருக்கிறதா என்று காட்டும் விளக்குப் பொத்தான்கள் போதுமானவையாக இருந்தன. கப்பலூரில் மேற்பார்வை செய்யும் சின்ன முதலாளி தன் போனிலிருந்தும் வெளிநாட்டுக்கு அழைக்க வேண்டும் என்றபோது, கிடங்குக் குழுவில் விதிவிலக்கு எழுதாமல், விரிதாளில் அவர் வரிசையின் குழுவை நிர்வாகம் என்று மாற்றினேன். போன் கிடங்கில் இருந்தாலும் அவர் செய்யும் வேலை நிர்வாகம்தான்.

கிடங்குக் குழுவில் ஆள் பெயரே இல்லை. பருப்புப் பக்கம், மிளகாய்ப் பக்கம், எடைமேடை என்று இடப்பெயர்கள்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொது எண், அதை அழைத்தால் அங்குள்ள சுவர்ப் போன்கள் எல்லாம் முழுச் சத்தத்தில் சேர்ந்து அடிக்கும். வெளி வாடிக்கையாளர் அழைத்தால் ஒரு மணி, தலைமை அலுவலகம் அழைத்தால் வேறு மணி. மூட்டையைத் தோளில் வைத்திருப்பவர் எதற்கு இறக்கி வைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்காக இது. மிளகாய்ப் பக்கத்தில் போன் மாட்டிய அன்று நானும் உதவியாளரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டும் தும்மி முடியவில்லை. போனும் அங்கே நிம்மதியாக இல்லை. ரிசீவரை வைத்தால் அழுந்த வேண்டிய சிறு நாக்கில் மிளகாய்த் தூசியும் விதையும் சேர்ந்து, வைத்த பிறகும் எடுத்தபடியே இருப்பதாகப் போன் நினைத்துக்கொள்கிறது. அழைத்தால் பிஸி என்று வருகிறது. இரண்டு தடவை சுத்தம் செய்தேன், மூன்றாவது தடவை போனையே மாற்றினேன். இப்போது கதவுள்ள ஒரு தகரப் பெட்டிக்குள் போனை வைத்து, பெட்டிக்கு வெளியே தனி மணி ஒன்றை மாட்டியிருக்கிறேன். கதவை மூட மறக்கிறார்கள் என்பதால் அடுத்த முறை அதற்கு ஸ்பிரிங் கீல் போட வேண்டும்.

வாசல் குழுவுக்கு இரவு ஒன்பதுக்குமேல் பொது எண்ணின் அழைப்புகள் போகின்றன. வழி கேட்கும் லாரி ஓட்டுநர்கள்தான் பெரும்பாலும் அழைக்கிறார்கள். வெளியே அழைக்க அங்கே மூன்று சுருக்கக் குறியீடுகள் மட்டும் உண்டு. ஒன்று முதலாளியின் மொபைல், ஒன்று எலக்ட்ரீஷியன். மூன்றாவது முதலாளியே கேட்டுச் சேர்க்கச் சொன்னது: திருப்பூரிலுள்ள காவலர் ஐயாவின் மகள் எண், இரவு ஒன்பது முதல் பத்துவரை, ஒரு தடவைக்கு 600 நொடி. அந்தக் கோப்பில் நான் எழுதிய ஒரே தனி விதிவிலக்கு அதுதான், பக்கத்தில் தேதியோடு ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.